கண்டி நகர நடுவில் யாருக்குக் கல் நாட்டியிருக்கிறது?

கண்டிக்குப் போகிற எவரும் மகாமலுவவை மிதிக்காமல் திரும்புவதில்லை. ஆனால் மகாமலுவவைப் பார்த்தேன் என்று சொல்கிறவர் அரிது. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகைக்கு முன்னால், வாவிக் கரையை ஒட்டிக் கிடக்கும் அந்தப் புல்தரை நம்மில் பலருக்கு வெறும் வழிதான். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி, ஒரு தட்டு தாமரைப் பூ வாங்கி, செருப்பை எங்கே விடுவது என்று யோசித்துக்கொண்டே மாளிகை வாசலுக்குப் போய்விடுவோம். இடையில் ஒரு சிறுவனின் சிலை நிற்கிறது. ஓர் இளவரசனும் இளவரசியும் நிற்கிறார்கள். ஒரு மனிதனின் மண்டையோட்டை உள்ளே வைத்துக் கட்டிய நினைவுச்சின்னமும் இருக்கிறது. படம் எடுக்கிறவர்கள்கூட மாளிகையின் எண்கோண மண்டபம் பின்னால் விழுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இந்தப் புல்தரையையும், டவுனுக்குள் அங்கங்கே நிற்கும் மற்ற நினைவுச்சின்னங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. எந்தச் சின்னத்துக்கும் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று, நினைக்கப்படும் ஆள் வாழ்ந்த அல்லது செத்த தேதி. மற்றது, கல்லை நாட்டிய தேதி. நாம் முதலாவதைத்தான் வாசிக்கிறோம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஆசிரியர்கள் சொல்லித் தருவதும் அதைத்தான். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சுவாரசியம். அந்த நேரத்தில் கண்டியில் யாரிடம் காசு இருந்தது, யாரிடம் அதிகாரம் இருந்தது, யார் எதை ஊர் மறக்கக்கூடாது என்று நினைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

மாமனும் மருமகனும்

முதலில் அந்தச் சிறுவன். பெயர் மத்தும பண்டார. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனிடம் அதிகாராகவும் (தலைமை அமைச்சர்) சப்ரகமுவ திசாவையாகவும் (மாகாண ஆட்சியாளர்) இருந்த எஹெலபொலவின் இரண்டாவது மகன். 1814இல் எஹெலபொல அரசனுக்கு எதிராகக் கிளம்பி, அது தோற்றுப்போக, கொழும்பில் இருந்த ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். அவருடைய மனைவி மக்கள் கண்டியில் அரசனின் பிடியில் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் பிள்ளைகளுக்கு மரண தண்டனை. வாளைக் கண்டு மூத்தவன் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான், இளையவன் முன்னால் வந்து கழுத்தை நீட்டினான் என்பது ஊரறிந்த கதை. தாய் போகம்பறைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டாள். வெட்டிய தலைகளை அவள் கையாலேயே உரலில் போட்டு இடிக்க வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். அதை ஆங்கிலேயர் அச்சில் ஏற்றிய வேகத்தைப் பார்த்தால், அரசனைக் கொடுங்கோலனாகக் காட்டுவதில் அவர்களுக்கு இருந்த ஆதாயமும் சேர்ந்தே கண்ணில் படும். பிள்ளைகள் கொல்லப்பட்டது உண்மை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அடுத்த ஆண்டு ஒரு ராச்சியத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

இனி அந்த மண்டையோடு. அது மொனரவில கெப்பெட்டிபொலவினுடையது. பலருக்குத் தெரியாத விஷயம், அவர் மத்தும பண்டாரவின் தாய்மாமன். குளத்தில் மூழ்கடிக்கப்பட்ட குமாரிஹாமி அவருடைய கூடப்பிறந்தவள். ஆக, ஒரே புல்தரையில் மாமனும் மருமகனும் இருக்கிறார்கள். மருமகனைக் கொன்றது அரசன். மாமனைக் கொன்றது, அந்த அரசனிடமிருந்து நாட்டை விடுவிக்க வந்தோம் என்று சொன்னவர்கள்.

கெப்பெட்டிபொல தொடக்கத்தில் ஆங்கிலேயருக்கு எதிரி இல்லை. 1815க்குப் பிறகு அவர்களின் கீழேயே ஊவாவுக்குத் திசாவையாக இருந்தார். 1817இல் ஊவாவில் கலகம் வெடித்தபோது அதை அடக்கவே அவரை அனுப்பினார்கள். போன இடத்தில் அவர் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். தன்னிடம் தந்திருந்த துப்பாக்கிகளை ஆளுநர் பிரவுண்ரிக்குக்கே திருப்பி அனுப்பினார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளில் ஒன்று. உங்கள் ஆயுதத்தாலேயே உங்களைச் சுடமாட்டேன் என்கிற மரியாதை. எதிர்த் தரப்பு அந்த மரியாதையைத் திருப்பித் தரவில்லை. ஊவாவின் ஊர்களும் வயல்களும் எரிந்து, கலகம் ஓர் ஆண்டு சொச்சத்தில் நசுக்கப்பட்டது.

1818 ஒக்டோபர் இறுதியில் கெப்பெட்டிபொல பிடிபட்டார். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, நவம்பர் 26ஆம் தேதி போகம்பறையில் அவர் தலையை வெட்டினார்கள். அதற்கு முன் தலதா மாளிகையில் வணங்க விட்டார்கள். இடுப்பில் கட்டியிருந்த துணியை அங்கே காணிக்கையாகக் கொடுத்தார். கொலைக்களத்தில் தன் கையாலேயே கூந்தலைத் தூக்கி முடிந்துகொண்டு, ஒரே வெட்டில் முடித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். முதல் வெட்டில் தலை விழவில்லை, இரண்டாவது வெட்டு தேவைப்பட்டது. இதெல்லாம் அந்தக் காலத்தில் கண்டியில் இருந்த ஆங்கிலேய அலுவலர்கள் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. கொல்லச் சொன்ன தரப்பின் எழுத்திலேயே கொல்லப்பட்டவன்மேல் ஒரு வியப்பு தெரிகிறது.

வியப்பு அத்தோடு நிற்கவில்லை. ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ மருத்துவர் அந்தத் தலையை எடுத்துக்கொண்டார். மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்தே ஒருவனின் வீரம், தந்திரம், பக்தி எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று ஐரோப்பாவில் ஒரு கூட்டம் நம்பிய காலம் அது. எடின்பரோவில் அதற்கென்றே 1820இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. கெப்பெட்டிபொலவின் மண்டையோடு அந்தச் சேகரிப்பில் போய்ச் சேர்ந்தது. ஊவாவையே கிளறிவிட்ட ஒருவன், ஸ்கொட்லாந்தில் ஓர் அலமாரியில் மாதிரிப் பொருளாக நூறு ஆண்டுகளுக்கும் மேல் இருந்தான்.

1954இல், சுதந்திரம் கிடைத்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, மண்டையோடு இலங்கைக்குத் திரும்பியது. மகாமலுவவில் நினைவுச்சின்னம் எழுந்து, அது அதற்குள் வைக்கப்பட்டது. இதுதான் நான் சொன்ன இரண்டாவது தேதி. 1818இல் துரோகி என்று அறிவிக்கப்பட்டவரைத் தேசிய வீரராக்க ஒரு தேசம் தேவைப்பட்டது, அந்தத் தேசம் அப்போதுதான் தன் வீரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. கல்லை நாட்டிய இடமும் யோசித்து எடுத்ததுதான். வெட்டிய இடம் போகம்பறை. ஆனால் நினைவு வைத்தது அவர் கடைசியாக வணங்கிய மாளிகையின் முன்னால். கொலைக்களத்தைப் பொறுத்தவரை, அங்கே ஆங்கிலேயர் பின்னாளில் பெரிய சிறைச்சாலை ஒன்றைக் கட்டினார்கள். அது 2014 வரை இயங்கியது.

அந்த இளவரசனும் இளவரசியும் தந்தவும் ஹேமமாலியும். நான்காம் நூற்றாண்டில் கலிங்கத்திலிருந்து புனித தந்தத்தை, அதாவது புத்தரின் பல்லை, கூந்தலுக்குள் மறைத்துக் கொண்டுவந்தவர்கள் என்று மரபு சொல்கிறது. மாளிகையின் கதையே அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது என்பதால் அவர்கள் அங்கே நிற்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை.

கல் இல்லாத அரசன்

இப்போது ஒரு கேள்வி. மகாமலுவவில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணில் படுகிறவற்றில் முக்கால்வாசி யாருடைய வேலை? வாவி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலை மறித்துக் கட்டி 1812இல் முடித்தது. கரையோரம் ஓடும் அலை அலையான முகில் மதில், மாளிகையின் அடையாளமாகவே ஆகிவிட்ட எண்கோணப் பத்திரிப்புவ, இரண்டும் அவன் காலத்தவை. கண்டியின் படம் அச்சிட்ட எந்தத் தேயிலைப் பெட்டியைப் பார்த்தாலும் அது அவன் வடிவமைத்த கண்டிதான். ஆனால் புல்தரையில் அவன் இருப்பது கொலைகாரனாக மட்டும், அதுவும் மத்தும பண்டாரவின் சிலையைப் பார்க்கிறவர்களின் மனதில்.

அவன் பிறப்புப் பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி. 1739இலிருந்து கண்டியை ஆண்ட நான்கு அரசர்களும் அந்த வழியினர்தான். வீட்டில் தமிழும் தெலுங்கும், அரசவையில் சிங்களம், கோவிலில் சைவம், கடமையில் பௌத்தம் என்று இருந்தவர்கள். இதில் இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் முழுத் துறவேற்பை, மீண்டும் தொடங்க உதவியவன். இன்றைய பெரஹெரா ஊர்வலத்தில் தந்தப் பேழை முன்னே போக, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலய ஊர்வலங்கள் பின்னே வருகிற ஒழுங்கும் அவன் காலத்து ஏற்பாடுதான். மகாமலுவவுக்கு எதிரே இருக்கும் பத்தினி தேவாலயத்தில் பூசை கொள்பவள் நம் கண்ணகிதான் என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது.

1815 பெப்ரவரி 18ஆம் தேதி மெதமகாநுவர பக்கத்தில் அரசன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் தேதி, மாளிகையை ஒட்டிய அரசவை மண்டபமான மகுல் மடுவவில் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. ‘மலபார்’ (தென்னிந்தியர்களை ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள்) வம்சத்துக்குக் கண்டிச் சிம்மாசனத்தில் இனி எந்த உரிமையும் இல்லை என்றும், அரசனின் ஆண் உறவினர்கள் கண்டி மாகாணங்களுக்குள் நுழையக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. அரசன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். அவனைப் பிடித்துக் கொடுக்கக் காரணமாக இருந்த எஹெலபொலவுக்கும் நல்ல முடிவு இல்லை. ஆங்கிலேயர் அவரையும் நம்பாமல் 1818இல் பிடித்து அடைத்து, மொரீசியஸுக்கு நாடு கடத்தினார்கள். 1829இல் அங்கே இறந்தார்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. 1817 கலகத்துக்கு ஓர் அரசன் தேவைப்பட்டபோது, வில்பாவ என்ற முன்னாள் பிக்கு ஒருவர் தன்னைத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு வந்தார். துரைசாமி என்பது நாயக்கர் அரச குடும்பத்து இளவரசன் பெயர். கெப்பெட்டிபொல உட்படப் பிரதானிகள் அவர் பின்னால் அணிவகுத்தார்கள். அதாவது, நாயக்கரைத் துரத்திய இரண்டே ஆண்டுகளில், நாயக்கர் இளவரசன் என்று சொன்னால்தான் ஜனம் திரளும் என்ற நிலை. 1954இல் நாட்டிய கல்லின் கதையில் இந்தப் பகுதி சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. ஐம்பதுகளின் அரசியலுக்கு அது தோதுப்படாது.

ராஜசிங்கனுக்குக் கல் இல்லாமல் இல்லை. அது வேலூரில் இருக்கிறது. பாலாற்றங்கரையில் அவனுடைய கல்லறையைச் சுற்றித் தமிழ்நாடு அரசு 1990இல் முத்து மண்டபம் கட்டியது. கண்டியின் கடைசி அரசனுக்கு மண்டபம் கட்ட இன்னொரு நாட்டின் மாநில அரசு வேண்டியிருந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மகனைப் பறிகொடுத்த வீட்டின் பக்கத்திலேயே கொன்றவனுக்கும் சிலை வை என்று கேட்க முடியாது. ஆனால் வாவியைச் சுற்றி நடக்கிறபோது, இதைக் கட்டியது இன்னார் என்று மூன்று மொழியிலும் ஒரு வரி எழுதி வைக்கலாம்.

கோப்பிக்காரர்களின் நீரூற்று

கண்டியில் கோப்பித் துரைமார் நிறுவிய ஒரு நீரூற்று இருக்கிறது. வார்ப்பு இரும்பு வேலைப்பாடு, அந்தக் காலத்து ஆங்கிலேய ரசனை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், இலங்கைக்கு வந்து கண்டியையும் பார்த்தார். அந்த வருகையின் நினைவாகத் தோட்ட முதலாளிகளான அந்தத் துரைமார் கொடுத்தது.

தோட்டத் தமிழனான மலையகத்துக்காரனுக்கு இந்த நீரூற்றுதான் இந்த நகரத்தின் மிக முக்கியமான நினைவுச்சின்னம் என்பேன். அதில் நம் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அதற்கான காசு வந்த வழி முழுக்க நம்முடையது.

1815 உடன்படிக்கையில் மலபார் அரச குடும்பம் உள்ளே வரக்கூடாது என்று எழுதிய அதே அரசாங்கம், பத்தாண்டு முடிவதற்குள் அதே கரையிலிருந்து ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கிவிட்டது. கம்பளைக்குப் பக்கத்தில் சின்னபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்டதும், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொருவவில் நட்டதும் 1820களில். மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அந்தக் கணக்கு இங்கிருந்துதான். அரச குடும்பமாக வந்தால் தடை, கூலியாக வந்தால் வரவேற்பு.

கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போனவர்கள். கரையிலிருந்து மன்னாருக்குத் தோணி, அப்புறம் மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியே நடை. தண்ணீர் இல்லாத இடம், காய்ச்சல், வாந்திபேதி. வழியில் விழுந்தவர்களை எண்ணி வைக்க யாரும் இல்லை. விழாமல் வந்தவர்கள், ஆட்களைத் திரட்டிவந்த கங்காணியின் முற்பணக் கடனோடு வந்தார்கள். கோப்பிப் பழம் பறித்து, கொட்டையாக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, 1867க்குப் பிறகு கண்டி ரயிலில் ஏற்றி, கொழும்புக்கும் லண்டனுக்கும் போனது. தோட்டத் துரைமார் சங்கம் 1854இல் கண்டியிலேயே தொடங்கப்பட்டது. ஓர் இளவரசருக்கு நீரூற்று கொடுக்கும் அளவுக்குச் சங்கத்துக்காரர்கள் கையில் பணம் புரண்டது இப்படித்தான்.

இப்போது அந்த 1875ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோப்பி இலையில் மஞ்சள் துரு நோய் மடுல்சீமைப் பக்கம் முதலில் தென்பட்டது 1869இல். நீரூற்று வந்தபோது அதற்கு ஆறு வயது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் படியும், இலை உதிரும், அடுத்த போகம் குறையும். விலை நன்றாக இருந்ததால் துரைமார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. புதுக் காட்டை வெட்டி இன்னும் நட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேல் கோப்பி இருந்தது. எண்பதுகளில் எல்லாம் சரிந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி இழுத்து மூடப்பட்டபோது பல தோட்டங்களின் கதை முடிந்தது. ஆக, நீரூற்று ஒரு வளத்தின் சின்னமாக நிறுவப்பட்டது, அந்த வளம் அப்போதே அடியில் அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு, 1876இல், சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் தொடங்கியது. 1877இல் கடல் தாண்டி வந்த கூட்டம் பசிக்குப் பயந்து வந்த கூட்டம். வந்து சேர்ந்த சில ஆண்டுகளிலேயே கோப்பி விழுந்தது. சம்பளப் பாக்கியைக் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப்போன துரைமாரும் இருந்தார்கள். தேயிலை பிறகு வந்து காப்பாற்றியது என்று சொல்வார்கள். தோட்டங்களைக் காப்பாற்றியது, சரி.

மற்றவை, சுருக்கமாக

போர் நினைவுத்தூபி இரண்டு உலகப் போர்களிலும் செத்த இலங்கையருக்காக நிற்கிறது. பேரரசு எல்லா ஊரிலும் ஒரே அச்சில் நாட்டிய கல், அதிகம் சொல்ல இல்லை. வாவியைப் பார்த்த மாதிரி மேட்டில் இருக்கும் வேஸ் பூங்காவில், பர்மாவில் ஜப்பானியரிடமிருந்து பிடித்த ஒரு பீரங்கி இருக்கிறது. 1944இலிருந்து பேராதனைப் பூங்காவில் முகாமிட்டுத் தென்கிழக்காசியப் போரை நடத்திய மவுண்ட்பேட்டன் கண்டிக்குக் கொடுத்த பரிசு. இப்போது அதில் பிள்ளைகள் ஏறி விளையாடினால் அதுவும் நல்லதுதான்.

மணிக்கூட்டுக் கோபுரம் வேறு ரகம். கண்டியில் ஒருவருக்கு வழி சொல்லவேண்டுமென்றால் அதை விட்டுச் சொல்லவே முடியாது. ‘கிளாக் டவர் கிட்ட இறங்குங்க’ என்பதுதான் பஸ்ஸில் தினமும் கேட்கிற வசனம். ஆனால் அது ஒரு தகப்பனின் துக்கம். 1947இல் விபத்தில் இறந்த தன் மகன் முகம்மது சாக்கியின் நினைவாக ஹாஜி முகம்மது இஸ்மாயில் கட்டிக் கொடுத்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தை வடிவமைத்த ஷெர்லி டி அல்விஸ்தான் இதற்கும் வரைந்தவர். 1950 டிசம்பர் 24இல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க திறந்துவைத்தார். அரசன், பேரரசு, தேசம் எதுவும் சம்பந்தப்படாத, ஒரு முஸ்லிம் வீட்டுத் துக்கம்தான் நகரத்தில் அதிகம் பயன்படும் நினைவுச்சின்னமாக இருக்கிறது. சோகத்தில் மணி காட்டும் பொருளைக் கொடுத்தவருக்கு ஊர் மனசு தெரிந்திருக்கிறது.

மகாமலுவ இன்று ஏன் ஒரு நகரப் பூங்கா மாதிரி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1988இல் கண்டி உலக மரபுரிமை நகரமானது. 1998 ஜனவரி 25ஆம் தேதி, புலிகள் வெடிமருந்து ஏற்றிய லொறியை மாளிகை வாசலில் வெடிக்கவைத்தார்கள். வணங்க வந்த சாதாரண ஜனங்களும் பிள்ளைகளும் செத்தார்கள். அதற்குப் பிறகு மாளிகைக்கு முன்னால் போன வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது, சோதனைச் சாவடிகள் வந்தன. சாயங்காலம் சும்மா வந்து உட்கார்ந்து கடலை கொறிக்கிற இடம் என்பது போய், காரணம் வைத்துக்கொண்டு நுழைகிற இடமாகிவிட்டது. தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையை நீட்டி உள்ளே போன அந்த ஆண்டுகள் எப்படி இருந்தன என்று கண்டிக்காரரைக் கேட்டால் சொல்வார்கள்.

பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவரின் மனைவி

நகர நடுவில் இன்னொரு சின்னப் பூங்காவின் பெயர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்கா. போர் நினைவுத்தூபி இருப்பது அங்கேதான். ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியில் வழக்கறிஞர், அரசாங்க சபையில் கண்டியின் உறுப்பினர், நாற்பதுகளில் சுகாதார அமைச்சர். தென்பகுதியிலிருந்து வந்து குடியேறி, கண்டியின் பெரிய வளவுக் குடும்பங்களை, அதாவது பிரபு வீட்டாரை, எதிர்த்து அரசியல் செய்தவர். அவருடைய மகள் மினெட் டி சில்வா இந்நாட்டின் முன்னோடிக் கட்டடக் கலைஞர்களில் ஒருவர்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய மனைவி அக்னஸ். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர். அரசியலமைப்பு மாற்றத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சி சொல்லப் போன பெண்கள் குழுவில் அவர் இருந்தார். சங்கம் முதலில் கேட்டது படிப்பும் சொத்தும் உள்ள பெண்களுக்கு வாக்கு. ஆணைக்குழுவின் தலைவரான டொனமூர் பிரபு ஒரு கேள்வி போட்டார்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா? அக்னஸ் தயங்கவில்லை. கட்டாயம் வேண்டும், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார்.

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு விடியற்காலை, தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற ஒருத்திக்காக, கேட்ட மாத்திரத்தில் வந்த பதில் அது. 1920களின் இலங்கை அரசியலில் அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்லியிருக்கக்கூடிய ஆண்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத் தமிழருக்கு வாக்குக் கொடுப்பதை எதிர்த்துத்தான் அன்றைய பெரிய தலைவர்களில் பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்ட மக்களுக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் போடப்பட்டன. ஆனாலும் கணிசமானோர் வாக்களித்தார்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் என்று தோட்ட மக்களின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்து அந்தக் கதவைச் சாத்தின. மணிக்கூட்டுக் கோபுரத்தைத் திறந்துவைத்த பிரதமரின் அரசாங்கம்தான் அது. மீதியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் வர 2003 ஆயிற்று.

பூங்காவில் கணவரின் பெயர் இருக்கிறது. அக்னஸ் சொன்ன பதிலை அங்கே எழுதிவைத்தால் அது நகர நடுவில் மலையகத்தின் முதல் கல்லாக இருக்கும்.

மகியாவையும் ஹேவாஹெட்டையும்

நகர நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளி மகியாவைக்குப் போனால் அங்கே மயானத்தில் ஜேம்ஸ் டெய்லர் கிடக்கிறார். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். 1892 மே மாதம் இறந்தார். பெரிய சரீரம். லூல்கந்துரயிலிருந்து மகியாவை வரை தோட்டத் தொழிலாளர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, சில மைலுக்கு ஒருதரம் தோள் மாற்றி, மலைப் பாதையில் சுமந்துகொண்டு வந்தார்கள். இலங்கையில் தேயிலைக்கும் சின்கோனாவுக்கும் முன்னோடி என்று கல்லறையில் பொறித்திருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அதே மகியாவையில்தான் நகரசபையின் துப்புரவு வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. மகாமலுவவின் சருகைக் காலையில் பெருக்கித் தள்ளும் கைகளும் அந்தப் பக்கத்துக் கைகள்தான்.

லூல்கந்துர இருக்கும் ஹேவாஹெட்டைப் பக்கத்திலேயே முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரி 10ஆம் தேதி, அங்கே நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். நடந்தது என்ன என்று பார்க்க ஆணைக்குழு ஒன்று வைத்தார்கள். கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். தோட்ட வழக்குகளில் பொலிஸ் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி உள்நாட்டு அமைச்சர் சொன்னதைப் பொலிஸ் மாஅதிபர் கேட்க மறுக்க, ஆளுநர் கல்டிகொட் பொலிஸ் பக்கம் நிற்க, அமைச்சர்கள் கூண்டோடு இராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு நாட்டின் அமைச்சரவையையே ஆட்டிவைத்தது. இன்று ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினம் என்று அனுசரிக்கிறோம். 1977 மே மாதம், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்று டெவன் தோட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணனின் பெயரும் அந்த வரிசையில் சொல்லப்படும். அவர்களை நினைப்பதெல்லாம் தோட்டங்களிலும் சந்திகளிலும் மண்டபங்களிலும்தான். கண்டி நகர நடுவுக்கு அது இன்னும் வரவில்லை.

இதைச் சொன்னால் உடனே ‘அப்போ நமக்கும் ஒரு சிலை வைக்கச் சொல்லிக் கேட்போம்’ என்பார்கள். கூடையோடு நிற்கும் ஒரு கொழுந்துப் பெண்ணின் சிமெந்துச் சிலை, பக்கத்தில் அமைச்சரின் பெயர் போட்ட பெரிய கல்வெட்டு. மலையகத்தில் அந்த ரகம் ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது. புனித நகர எல்லைக்குள், மரபுரிமை வலயத்துக்குள், புதுச் சிலை ஒன்றுக்கு அனுமதி கிடைப்பதும் லேசான காரியமில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. அந்தக் கோப்பி நீரூற்று அங்கேயே இருக்கட்டும், இடிக்கவும் வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். அதற்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு பலகை. 1875இல் இதைக் கொடுத்தவர்களின் கோப்பியைப் பறித்தவர்கள் யார், எந்த வழியாக நடந்து வந்தார்கள், வழியில் எந்தெந்த ஊரில் விழுந்தார்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் போதும். செலவு என்று பார்த்தால் மாநகர சபை ஒரு திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிற காசு. யாராவது சபையில் ஒரு பிரேரணை கொண்டுவரவேண்டும், அவ்வளவுதான்.